டேபிள் தூங்குது

ஆஸ்பத்திரியில் நம் பழுதுபார்ப்புப் பிரிவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது என் காதுக்கு வரவில்லை என்று நீங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆபரேஷன் தியேட்டர் காலியாக இருக்கும்போது, சித்தப்பா என்ற பொருளில் நீங்கள் கூப்பிடும் இந்தச் சாச்சா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். டேபிளில் மல்லாந்து படுத்து, மார்புக்கு மேல் ஒரு பச்சைத் துணியையும் கட்டிக்கொண்டு, அரைமணி நேரம் தூங்குகிறார். இதுதான் பேச்சு.

அரைமணி நேரம் இல்லை. இருபது நிமிடம். கடிகாரம் பார்த்துத்தான் படுக்கிறேன். தூங்குவதும் இல்லை. மற்றபடி நீங்கள் சொல்வது சரி.

அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். டேபிள்களின் பொறுப்பு உங்களிடம் வரும். அதற்குள் ஏன் படுக்கிறேன் என்பதையும், அந்தத் துணி எதற்கு என்பதையும் எழுதிவைத்துவிடலாம் என்று பழைய டைரியை எடுத்தேன். உங்களில் ஒருவருக்குத்தான் தமிழ் படிக்க வரும். மற்ற இருவருக்கும் அவர் இந்தியில் சொல்வார் என்று நம்புகிறேன். ஒரு சொல்லில் மட்டும் அவர் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் கதை முழுக்க அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

இந்த ஆஸ்பத்திரிக்கு வருமுன் இருபத்திரண்டு ஆண்டுகள் மண் அள்ளும் இயந்திரங்களையும் கிரேன்களையும் பழுது பார்த்தேன். செம்பூரைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போனால், சதுப்பு நிலத்தின் ஓரத்தில் எங்கள் யார்டு. குளிர் மாதங்களில் சேற்றில் பூநாரைகள் வந்து நிற்கும். காலையில் மூடுபனிக்குள் எது பறவையின் கழுத்து, எது தூரத்துக் கிரேனின் கை என்று சட்டென்று தெரியாது. இரண்டும் அசையாமல் நிற்கும். பிறகு ஒன்று தலையைக் குனியும், அது பறவை.

இயந்திரத்தின் கையும் சில நாள் குனியும். அதுதான் எங்களுக்கு வேலை.

மண் அள்ளும் இயந்திரத்தின் கை எண்ணெயின் அழுத்தத்தில் நிற்பது. உள்ளே ஒரு ரப்பர் வளையம், சீல் என்போம், தேய்ந்துபோனால் எண்ணெய் கசிந்து பின்வாங்கும். தூக்கி நிறுத்திய கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்க ஆரம்பிக்கும். சத்தம் இருக்காது. பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்பது போலத்தான் இருக்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு முழம் கீழே இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் திருநெல்வேலிப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவர், வெயிலுக்கு நிழலாக இருக்கட்டும் என்று, தூக்கி நிறுத்திய இரும்பு வாளிக்கு அடியில் ஒரு கல்லின்மேல் தன் டிபன் டப்பாவை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். மதியம் வந்து பார்த்தபோது டப்பா தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது. விளிம்பில் புளிக்குழம்பு கசிந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. வாளியைத் தட்டிக்கொடுத்து, "பாவம், அசந்துட்டு" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "மிஷின் தூங்குதுன்னு ஒருத்தனாவது சொல்லியிருக்கக் கூடாதால?" என்றார்.

எங்கள் யார்டில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்கியது. "அது தூங்குது" என்று ஒருவன் சொன்னால் போதும். பலகை வேண்டாம், சிவப்புத் துணி வேண்டாம். அடியில் நிற்பவன் விலகிவிடுவான். ஆபரேட்டர் அதை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். வாளியை மெல்லத் தரையில் இறக்கி வைத்துவிடுவார். "தூங்குத மிஷின எழுப்பிக்கிட்டே இருந்தா ஒருநேரம் தொப்புன்னு விழுந்துரும். படுக்க வச்சிரு" என்பார். தரையில் படுத்துவிட்ட இயந்திரத்துக்கு அதற்குமேல் விழ இடம் இல்லை.

அந்தத் திருநெல்வேலி ஆபரேட்டரின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பிரபலமாவதில் அவருக்கு விருப்பம் கிடையாது. அவரிடமிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். ஸ்பானரைத் தொடுமுன் ஆபரேட்டரிடம் போய், "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். இருக்கையில் இருப்பவருக்கு முதலில் தெரியும். நமக்கு அப்புறம்தான் தெரியும்.

பிறகு யார்டு இருந்த இடத்தில் கோபுரக் கட்டடங்கள் வருவதாக முடிவானது. யார்டை அம்பர்நாத்துக்கு அப்பால் கொண்டுபோனார்கள். என் முழங்கால்கள் அவ்வளவு தூரம் வர மறுத்தன. தாராவியில் எங்கள் சந்திலேயே குடியிருந்த ஒருவர் இந்த ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கிளார்க். கட்டில், வீல் சேர், ஆபரேஷன் டேபிள் எல்லாம் எண்ணெயில்தான் ஏறி இறங்குகிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை என்று அவர்தான் சொன்னார். நாற்பத்தெட்டாவது வயதில் நான் புதுத் தொழிலுக்கு வந்தேன்.

வந்த முதல் வாரம் ஒரு கட்டிலின் போல்ட்டை முறுக்கினேன். யார்டில் முறுக்கும் அளவில் பாதிதான் முறுக்கினேன். தலை கையோடு வந்துவிட்டது. இரண்டாவது வாரம் தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்றவரிடம் ஒரு விளக்குக் கேட்டேன். மூன்று வார்டுகளில் இருந்து நோயாளிகளின் உறவினர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆகவே கையின் பலத்தைக் குறைத்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். டீசல் வாடை போவதற்காகப் பழைய சட்டைகளைக்கூட மாற்றினேன். இதையெல்லாம் டைரியில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட்டிருக்கிறேன். சொற்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அது நடந்தது நான் இங்கே வந்த ஐந்தாவது மாதம். மழைக்காலம். ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் ரயில் வராமல் நின்றுவிட்டு, அன்று பஸ்ஸில் வந்தேன் என்று டைரியில் இருக்கிறது. ஏழு மணிக்கு இரண்டாம் நம்பர் தியேட்டரில் டேபிளை உயர்த்திவிட்டு, தரையில் இருந்து அதன் விளிம்புவரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். அரைமணி கழித்து அளந்தபோது இரண்டு விரல் அகலம் குறைந்திருந்தது. அதன்மேல் ஆளே இல்லாதபோது இரண்டு விரல். ஆள் படுத்தால் இன்னும் வேகமாக இறங்கும்.

வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் தியேட்டர் சிஸ்டர் கருவித் தட்டோடு எதிரே வந்தார். அவர்தான் அன்றைய அட்டவணையைப் பலகையில் எழுதுபவர். நாகர்கோவில்காரர், வேலைக்கு வந்து ஆறு மாதம் நிறையப் போகிறது, நிரந்தரம் ஆகும் வாரம்.

"சிஸ்டர், ரெண்டாம் நம்பர் டேபிள் தூங்குது" என்றேன்.

அவர் சிரித்தார். "தூங்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார்டிலும் அந்தச் சொல்லைக் கேட்டு யாராவது சிரிப்பார்கள். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. டைரியில் "7.40. டேபிள் 2 தூங்குகிறது. சிஸ்டரிடம் சொல்லியாயிற்று" என்று எழுதினேன். வாஷியில் இருக்கும் கடைக்குப் போன் போட்டு சீல் வேண்டும் என்று சொன்னேன். பிறகு கீழே, கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். உபயோகிக்காதே என்று எழுதிய அட்டை ஒன்று என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அதை எடுத்துப்போய் மாட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சொல்லியாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

சிஸ்டர் பலகையில் எழுதியது: "டேபிள் 2, காலி."

தூங்குகிறது என்றால் அவருக்கு என்ன பொருள்? சும்மா கிடக்கிறது, யாரும் உபயோகிக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும்?

அந்த டேபிளில் படுத்தவர் பெயர் செல்லக்கனி. தாராவியில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். ஆள் விழித்திருப்பார், பேசுவார்; வெட்டுவது மட்டும் தெரியாது. வயிற்றைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று மார்புக்கு மேல் ஒரு பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டியிருப்பார்கள். படுத்திருப்பவருக்குத் தெரிவது அந்தத் துணியும், அதன் விளிம்புக்கு மேலே பெரிய வட்ட விளக்கின் ஒரு பகுதியும்தான்.

நடந்ததை முழுதாகப் பிறகு சிஸ்டர் என்னிடம் சொன்னார். ஆபரேஷன் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்லக்கனி, "சிஸ்டர், லைட்டு மேல போவுது" என்றாராம்.

"அது மருந்துக்கா. மெதக்குத மாதிரித்தான் இருக்கும். கண்ண மூடிக்கிடுங்க."

"மெதக்கல. கீழ போறேன். மொதல்ல துணிக்கு மேல லைட்டு பாதிதான் தெரிஞ்சிச்சு. இப்பம் முக்காவாசி தெரியுதுல்லா."

மயக்க மருந்து டாக்டர் அம்மா தமிழ் தெரியாதவர். என்ன சொல்கிறார் என்று கேட்டார். மருந்தில் ஏதோ கனவு காண்கிறார் என்று சிஸ்டர் இந்தியில் சொல்லியிருக்கிறார். டாக்டர் அம்மா செல்லக்கனியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். முதலில் அறிந்தவரும், அறிந்ததைச் சரியாகச் சொன்னவரும் செல்லக்கனி ஒருவர்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அவரைத் தூங்கச் சொன்னார்கள்.

அடுத்து அறிந்தவர் ஆபரேஷன் செய்யும் டாக்டர். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ஆறடி இரண்டு அங்குலம். அவருக்காக டேபிளை எப்போதும் உயரத்தில்தான் வைப்போம். எதிரே நிற்பவர்கள் சின்னப் படிமேடைகளின் மேல் ஏறி நிற்பார்கள். அவர் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைவதை அவரே உணர்ந்து, "யாராவது டேபிளை எறக்கிண்டிருக்கேளா? இது டேபிளா, லிஃப்டா?" என்று கேட்டிருக்கிறார். தியேட்டர் உதவியாளர் காலால் பம்ப்பை மிதித்து மேலே ஏற்றினார். ஐந்து நிமிடத்தில் மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார். மூன்றாவது முறை ஏற்றியதும் இரண்டே நிமிடத்தில் இறங்கியது. அப்போதுதான், நோயாளி வேறு லைட் மேலே போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று, என்னைக் கூப்பிட்டார்கள். 10.25.

உடை மாற்றி, தொப்பியும் முகமூடியும் கட்டி உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் பலகையைப் பார்த்தேன். காலி என்ற சொல்லைப் படித்தேன். அந்த ஒரு கணத்தில் எல்லாம் புரிந்தது. ஆனால் அதைப் பற்றி நினைப்பதற்கு அது நேரம் இல்லை.

மயக்க மருந்து கொடுப்பவரின் பக்கம், அதாவது நோயாளியின் தலைமாட்டில்தான் பம்ப் இருந்தது. சுத்தம் செய்யப்பட்ட துணிகளில் என் உடல் பட்டுவிடாமல் அங்கே குந்தி உட்கார்ந்தேன். டேபிளின் தூண் உறைக்குள் இருந்ததால் எதுவும் தெரியவில்லை. உறையின் அடியில் கையை வைத்தேன். விரல் எண்ணெயில் வழுக்கியது.

உதவியாளர் பம்ப்பில் கால் வைத்தார். "மத் மாரோ" என்றேன். மிதிக்காதே.

மேலேயிருந்து டாக்டரின் குரல். "என்னய்யா பண்ணலாம்? இன்னும் இருபது நிமிஷ வேலை இருக்கு. வேற டேபிளுக்கு மாத்தணுமா?"

வயிறு திறந்திருக்கும்போது ஒருவரைத் தூக்கி மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் தெரிந்தது. அப்போது எனக்கு நேரே மேலே, ஒரு சாண் தூரத்தில், தலைகீழாக ஒரு முகம். கண் திறந்திருந்தது. எனக்கு வேறு எதையும் விட அந்தக் கண்தான் இன்றும் நினைவில் இருக்கிறது. பயந்த கண் இல்லை. சொன்னதை நம்பாதவர்கள் மேல் வருத்தமான கண்.

"மாத்த வேண்டாம் டாக்டர்" என்றேன். "ஏத்துறதையும் நிறுத்திடுங்க. ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் உள்ள இருக்கிற சீல் இன்னும் கிழியுது. அடிவரைக்கும் மெதுவா இறக்கி உட்கார வச்சிரலாம். உட்கார்ந்துட்டா அதுக்குமேல இறங்க இடமில்ல."

"அடிவரைக்குமா? நான் எப்படிக் குனிஞ்சு தையல் போடறது?"

"ஸ்டூல்ல உட்காந்து போடுங்க டாக்டர்."

பிறகு டாக்டர் கேட்டார். "எறக்கறச்சே பொத்துனு விழாதே?"

விழாது என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. அது பொய். சீல் முழுதாகக் கிழிந்தால், செல்லக்கனி ஒன்றரை அடி கீழே போய் மோதுவார், வயிறு திறந்த நிலையில். "விழாதுன்னு சொல்ல முடியாது டாக்டர். ஆனா இப்படியே ஏத்திக்கிட்டிருந்தா கண்டிப்பா விழும்."

டாக்டர் ஈரத் துணியால் வயிற்றை மூடி, கைகளை எடுத்து மார்பருகே வைத்துக்கொண்டார். "எத்தனை நிமிஷம்?"

"ரெண்டு."

"சரி, எறக்கு."

இறக்கும் பெடலை மெல்ல அழுத்த வேண்டும். யார்டில் இதை நூறு முறை செய்திருக்கிறேன். அங்கே கை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இங்கே நான் துணிகளுக்கு அடியில் குந்தி இருக்கிறேன், தூண் உறைக்குள். எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று சொல்ல எனக்கு ஆள் வேண்டும். ஆபரேட்டர் வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். "அம்மா, லைட்டு மேல போவுதுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. யாரு கேட்டா?"

"நான் கேக்குறேன். இப்ப டேபிளை இறக்கப் போறேன். லைட்டு எவ்வளவு தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க. வேகமாப் போனா உடனே சொல்லணும்."

"நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?"

"அப்புறம் சொல்றேன். இப்ப லைட்ட மட்டும் பாருங்க."

"கொடலும் எறங்குது, கட்டிலும் எறங்குதா எனக்கு?" என்றார் அவர். சிஸ்டருக்கு முகமூடிக்குள் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

பெடலில் கால் கட்டைவிரலின் எடையை மட்டும் வைத்தேன்.

"நிக்கி. அப்பிடியேதான் நிக்கி... இப்பம் நகருது. மெதுவாத்தான். நெலா மொளைக்குத மாதிரி வருது."

அந்த இரண்டு நிமிடம் எனக்கு வேறு எங்கோ நடந்தது போல இருக்கிறது. வெளியே மழை பெய்துகொண்டிருந்திருக்கும், கேட்கவில்லை. பச்சைத் துணியின் வழியே வடிந்த வெளிச்சம் குளத்தின் அடியில் இருப்பது போல இருந்தது. அதற்குள் ஒரு குரல் மட்டும், தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் ஒரு சொல்கூடப் பிசகாமல், மேலே எங்கோ எழும் ஒரு நிலவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்த நிலவைப் பார்க்கவில்லை. அவர் சொல்வதைக் கேட்டுக் காலைப் பதித்தேன், எடுத்தேன், பதித்தேன்.

"முக்கா தெரியுது... முக்காலுக்கு மேல... அண்ணாச்சி, வேகம், வேகம்."

காலை எடுத்தேன். டேபிள் நிற்கவில்லை. என் கால் இல்லாமலே இறங்கியது. எண்ணெய் என் மணிக்கட்டில் சூடாக வழிந்தது. இரண்டு கைகளையும் டேபிளின் அடிச்சட்டத்தில் கொடுத்துத் தாங்கினேன். நான் தாங்கி அது நிற்காது என்று தெரியும். உதவியாளர் ஒன்றும் கேட்காமல் எதிர்ப்பக்கம் தோளைக் கொடுத்தார். ஒரு மூச்சு நேரம் இருவரும் அதோடு சேர்ந்து இறங்கினோம். பிறகு கீழே இரும்பும் இரும்பும் சேரும் ஒரு சின்னச் சத்தம். கதவைச் சாத்தும் சத்தம் அளவுக்குக்கூட இல்லை.

"முழுசாத் தெரிஞ்சிட்டு" என்றார் செல்லக்கனி. "நின்னுட்டு."

டாக்டர் ஈரத் துணியை விலக்கிப் பார்த்தார். ஸ்டூலைக் காலால் இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்தார். எதிரே படிமேடைகளில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் இறங்கினார்கள். "முப்பது வருஷத்துலே உட்காந்துண்டு தையல் போடறது இதான் முதல் தடவை" என்றார். பதினெட்டு நிமிடத்தில் முடித்தார். நான் கீழேயே குந்தியிருந்தேன். இரண்டு முழங்காலும் மரத்துப்போய்விட்டன, ஊசி போடாமலே.

மதியம் 2.15க்கு மேட்ரனின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான், சிஸ்டர், டாக்டர். பழுதான டேபிளைக் காலி என்று எழுதியது யார் என்பது கேள்வி. சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் பெயரில் ஒரு மெமோ போனால் அந்த வாரத்தோடு வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணாச்சி தூங்குதுன்னு சொன்னாங்க. சும்மா கெடக்குன்னுதான் நெனச்சேன்" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை.

மேட்ரன் என்னிடம் திரும்பி, சொன்னீர்களா இல்லையா என்று இந்தியில் கேட்டார். டைரி என் பையில் இருந்தது. இத்தனை வருடம் ஒரு நாள் விடாமல் எழுதியது இப்படி ஒரு நாளுக்காகத்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. எடுத்து, 7.40ஐப் பிரித்தேன். நேரம் இருந்தது. யாரிடம் சொன்னேன் என்பது இருந்தது. என் கையெழுத்து இருந்தது. சத்தமாகப் படித்து, "டேபிள் சோ ரஹா ஹை, ஐசா போலா" என்றேன். டேபிள் தூங்குகிறது, இப்படிச் சொன்னேன்.

சொல்லி முடித்ததும், என் வாயால் இன்னொரு மொழியில் கேட்டபிறகுதான், அது எவ்வளவு அர்த்தமில்லாத வாக்கியம் என்று எனக்கே தெரிந்தது. நான் எழுதியிருந்த வரியில் டேபிள் இறங்குகிறது என்று இல்லை. உபயோகிக்காதே என்றும் இல்லை. நேரத்தை நிமிடக் கணக்காகக் குறித்தவன், விஷயத்தை எழுதவில்லை.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "சோ ரஹா ஹை மத்லப்?" அப்படியென்றால் என்ன அர்த்தம்?

"மத்லப் எனக்கு மட்டும்தான் தெரியும் மேடம். தப்பு என்னுடையது. மெமோ என் பேரில் போடுங்கள்" என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெமோ என் பெயரில் வந்தது. என் கோப்பில் மூன்றாவது தாளாக இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

அந்தச் சிஸ்டர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று தியேட்டருக்கு அவர்தான் பொறுப்பு. நீங்கள் போய் எதைச் சொன்னாலும், "அப்படின்னா நான் என்ன செய்யணும்? செய்யக் கூடாதது என்ன?" என்று இரண்டு கேள்வி கேட்டு உங்கள் உயிரை வாங்குகிறாரே, அவரேதான். அவர் கேட்கும்போது எரிச்சல் படாதீர்கள். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் நான் ஒரு நாள் அவரிடம் பேசினேன்.

இரண்டு நாள் கழித்து வார்டில் செல்லக்கனியைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து, யாரோ கொண்டுவந்த பையின் தையலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. முழுதும் கேட்டார்.

"தூங்குதுன்னா எனக்கும் புரிஞ்சிருக்காது அண்ணாச்சி" என்றார். "ஆனா லைட்டு மேல போவுதுன்னு நான் சொன்னது ஒங்களுக்கெல்லாம் புரிஞ்சிருக்கணும்லா. அது வெளங்குத பேச்சுதான? காலு மரத்துப் போச்சுன்னா கண்ணுமா மரத்துப் போவும்? நாள் பூரா மிஷின்ல இருக்கவ நான். ஊசி ஒரு நூலு எறங்குனாலும் தெரியும்."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"ஒருநா நீங்க அதுல படுத்துப் பாருங்க" என்றார். "துணியக் கட்டிக்கிட்டு. அப்பந்தான் தெரியும்."

படுத்தேன். புது சீல் போட்ட மறுநாள், யாரும் இல்லாதபோது, அவர் சொன்னபடியே துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். ஸ்கேலால் அளப்பதை நான் விடவில்லை; அதையும் செய்கிறேன். ஆனால் ஸ்கேல் ஆள் இல்லாத டேபிளை அளக்கிறது. என் எடை எழுபத்திரண்டு கிலோ. அந்த எடை ஏறியபிறகு டேபிள் என்ன செய்கிறது என்பதை, படுத்தவனால்தான் பார்க்க முடிகிறது. துணியின் விளிம்பில் விளக்கு எவ்வளவு தெரிகிறது என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அப்புறம் இருபது நிமிடம் அந்த அரைவட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அறை அமைதியாக இருக்கும். சில நாள் நான் யார்டில் இருப்பது போலவும், அந்த வெளிச்சம் சேற்றுக்கு மேல் வருவது போலவும் இருக்கும். கண் சொக்கும். மூடமாட்டேன். இவ்வளவு தூரம் ஒரு டேபிளை நம்பிப் படுப்பவர்கள் யாருக்கும் அதன் கீழே யார் என்ன செய்தார் என்று தெரியாது என்பதை அப்போது நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் படுத்திருந்தபோது கதவு கொஞ்சம் திறந்தது. உங்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் மெதுவாக, "சாச்சா சோ ரஹா ஹை" என்றார். இன்னொருவர் சிரித்தார்.

நான் அசையவில்லை. இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. விளக்கு பாதியில் இருந்தது. வந்து படுத்தபோது இருந்த அதே பாதி.

"உள்ளே வா" என்றேன். "நோட்டை எடு. தேதி போடு. டேபிள் இரண்டு, ஆள் படுத்த நிலையில், இருபது நிமிடம். இறங்கவில்லை. உபயோகிக்கலாம்."

"தூங்கலையா சாச்சா?"

"அந்தச் சொல்லை மட்டும் எழுதாதே" என்றேன்.